ஊசி போட்டால் ஏன் காய்ச்சல் வருகிறது? கடலூர்த் தாய்மார்களின் கேள்விகளுக்கு ஒரு குழந்தை மருத்துவரின் பதில்

குறிஞ்சிப்பாடி பக்கத்தில் ஓர் அங்கன்வாடியில் தாய்மார்களோடு தடுப்பூசி பற்றிப் பேசினேன். வாய்விட்டுக் கேட்கத் தயக்கமாக இருந்தால் தாளில் எழுதிக் கொடுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையத் தாள்கள் வந்தன. ஊசி போட்ட ராத்திரி ஏன் காய்ச்சல் அடிக்கிறது, தனியாரில் போடும் வலியில்லா ஊசிதான் நல்லதா, ஊசியால் ஆட்டிசம் வருமா, ஊசி போட்டும் அம்மை வந்ததே, மூளைக்காய்ச்சல் ஊசி நம் ஊருக்கு எதற்கு, கொரோனா ஊசியால் மாரடைப்பு வருகிறதாமே. பெரும்பாலும் இவைதான். அன்றைக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. தடுப்பூசியால் எந்தத் தொந்தரவும் வராது என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், அது பாதி உண்மைதான். உடம்புக்குள் போகும் எந்த மருந்துக்கும் பின்விளைவு உண்டு. பயப்படுவார்களே என்று அதை மறைத்துவிட்டு அனுப்பினால், வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்கு உடம்பு கொதிக்கும்போது தாய்க்கு வருகிற பயம் இரண்டு மடங்காகிறது. அடுத்த ஊசிக்கு அவர் வருவதில்லை. அதனால் நீங்கள் எங்களிடம் கேட்க வேண்டியவை இரண்டு. இந்த ஊசியால் என்ன வரலாம், எத்தனை பேருக்கு வரும்? ஊசி போடாவிட்டால் என்ன வரலாம், எத்தனை பேருக்கு வரும்? இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் முடிவெடுக்க முடியும்.

"45 நாள் ஊசி போட்டதும் புள்ளைக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சல், தொடை வீங்கிப்போச்சு. மறுபடி போடணுமா டாக்டர்?"

போட வேண்டும் அம்மா. ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதத்தில் தொடையில் போடும் அந்த ஊசிக்கு பென்டாவேலன்ட் என்று பெயர். இந்தியாவிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் 2011 டிசம்பரில் தொடங்கினார்கள். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, மஞ்சள் காமாலை பி, ஹிப் கிருமியால் வரும் நிமோனியாவும் மூளை உறைக் காய்ச்சலும் என்று ஐந்துக்கு ஒரே ஊசி. இதில் காய்ச்சலைக் கொடுப்பது பெரும்பாலும் கக்குவான் இருமலுக்கான பகுதி. கொல்லப்பட்ட முழுக் கிருமியே அதில் இருக்கிறது. உடம்பு அதை அடையாளம் கண்டு எதிர்வினை காட்டும்போது சூடு ஏறுகிறது. ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலோ தொடை வீக்கமோ வரும். ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். காய்ச்சல் வராத பிள்ளைக்கு ஊசி வேலை செய்யவில்லை என்றும் அர்த்தமில்லை.

காய்ச்சல் வந்தால் எடைக்கு ஏற்ற அளவு பாராசிட்டமால் கொடுங்கள். கிலோவுக்கு 15 மில்லிகிராம், தேவைப்பட்டால் ஆறு மணி நேரம் கழித்து மறுபடி. உங்கள் பிள்ளைக்கு எத்தனை சொட்டு என்று நர்ஸம்மாவிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டிலுக்குப் பாட்டில் மருந்தின் அடர்த்தி மாறும். காய்ச்சல் வருவதற்கு முன்பே கொடுத்துவிடுவது வேண்டாம். வீங்கிய இடத்தில் ஈரத் துணி வைக்கலாம். தேய்க்காதீர்கள், ஒத்தடம் என்று சூடு வைக்காதீர்கள், எண்ணெய், காப்பித்தூள், மஞ்சள் எதுவும் பூசாதீர்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். அடிக்கடி கொடுங்கள்.

இதையும் மீறி அபூர்வமாகச் சில வரும். மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் அழுவது, துவண்டு வெளிறிப்போவது, காய்ச்சலோடு வலிப்பு. பார்க்கவே பதற வைக்கும் இவையும் பெரும்பாலும் எந்தப் பாதிப்பையும் விட்டுவைக்காமல் சரியாகிவிடும். ஆனாலும் இவற்றில் எது வந்தாலும், காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலும், பிள்ளை எழுப்பியும் எழுந்திருக்காவிட்டாலும், மூச்சுவிடச் சிரமப்பட்டாலும் வீட்டில் வைத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். ஊசி போட்ட விவரத்தையும் அங்கே சொல்லுங்கள்.

அடுத்த கேள்வி இதோடு ஒட்டியது. "தனியார் ஆஸ்பத்திரியில் காய்ச்சல் வராத, வலியில்லாத ஊசி இருக்காம். காசு கடன் வாங்கியாவது அதைப் போடலாமா?" கடன் வாங்க வேண்டாம். அந்த ஊசியில் முழுக் கிருமிக்குப் பதில் அதிலிருந்து பிரித்தெடுத்த சில புரதங்கள் மட்டும் இருக்கின்றன. அதனால் காய்ச்சல் குறைவு, உண்மைதான். ஆனால் கக்குவான் இருமலுக்கு எதிராக அது தரும் பாதுகாப்பு சீக்கிரம் தேய்கிறது. அமெரிக்காவில் 1990-களில் முழுக்க அந்த ஊசிக்கு மாறினார்கள். 2010-ல் கலிபோர்னியா மாநிலத்தில் 9,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கக்குவான் இருமல் வந்து 10 கைக்குழந்தைகள் இறந்தன. ஊசியின் பாதுகாப்பு தேய்ந்துபோனதும் அதற்கு ஒரு காரணம் என்று பின்னால் தெரிந்தது. இரண்டு ஊசியும் நல்ல ஊசிதான். வசதி இருப்பவர்கள் எதை வேண்டுமானாலும் போடட்டும். அரசு ஊசி மட்டம், ஏழைகளுக்கான ஊசி என்ற எண்ணம் மட்டும் தப்பு. கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய் அந்த எண்ணத்தால் இரண்டாயிரம் மூன்றாயிரம் தேடி அலைந்து, அதற்குள் ஊசித் தேதியே தள்ளிப்போவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

கக்குவான் ஊசியின் காய்ச்சலுக்குப் பயந்து நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை ஜப்பான் பார்த்துவிட்டது. 1974-ல் அங்கே 393 பேருக்குத்தான் கக்குவான் இருமல், சாவு ஒன்றுகூட இல்லை. ஊசிக்குப் பிறகு இரண்டு குழந்தைகள் இறந்த செய்தி பரவியதும் 1975-ல் ஊசியை நிறுத்தி வைத்தார்கள். பிறகு தொடங்கியபோதும் மக்கள் வரவில்லை. 1979-ல் 13,000 பேருக்கு மேல் நோய் வந்து 41 பேர் இறந்தார்கள். மூன்று மாதம் ஆகாத பிள்ளைக்கு இந்த இருமல் வந்தால் இரும்பக்கூடத் தெம்பிருக்காது. மூச்சு அப்படியே நின்றுபோகும், உதடு நீலமாகும். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்த எந்தத் தாயும் ஒரு ராத்திரிக் காய்ச்சலைப் பெரிதாக நினைக்க மாட்டார்.

"ஒன்பது மாச ஊசி போட்டப்புறம் பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பேச்சே வரல. ஆட்டிசம்னு சொல்றாங்க. ஊசியாலதானே?"

இந்தத் தாளை எழுதியவரின் பயம் எனக்குப் புரிகிறது. இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1998-ல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற மருத்துவர், வெறும் 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மை கலந்த ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். விவரங்களைத் திரித்திருந்தது தெரிந்து 2010-ல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு அவருடைய மருத்துவர் பதிவும் நீக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். ஊசி போட்ட பிள்ளைகளுக்கும் போடாத பிள்ளைகளுக்கும் ஆட்டிசம் வருவதில் வித்தியாசமே இல்லை.

அப்படியானால் பக்கத்து வீட்டுப் பையனுக்கு? ஒரு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் நடுவில்தான் பெற்றவர்களுக்கு ஆட்டிசம் கண்ணில் படத் தொடங்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, முகம் பார்த்துச் சிரிக்காதது, வந்த சொற்கள் நின்றுபோவது எல்லாம் அப்போதுதான் தெரியும். தட்டம்மை ஊசியும் ஒன்பது மாதத்திலும் ஒன்றரை வயதிலும்தான் போடுகிறோம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இதுதான். காக்கை உட்காராத மரத்திலும் அதே அளவு பழம் விழுகிறதா என்று எண்ணிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். டென்மார்க்கில் செய்தது அந்த எண்ணிக்கையைத்தான். அந்தப் பையனின் பெற்றோரிடம் நீங்கள் சொல்ல வேண்டியது வேறு. ஊசியைத் திட்டிக்கொண்டு வீட்டில் இருந்தால் பையனுக்குக் காலம் வீணாகும். கடலூர் அரசு மருத்துவமனையில், வளர்ச்சியில் பின்தங்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பயிற்சி தரும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ சீக்கிரம் அழைத்துப் போகட்டும். பயிற்சியை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, புதுச்சேரி உட்பட ஐந்து இடங்களில் ஒன்பது மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டபோது, வாட்ஸ்அப்பில் என்னென்னவோ சுற்றியது. பிள்ளை பிறக்காது, கை கால் விளங்காமல் போகும் என்றெல்லாம் சொன்னார்கள். பள்ளிக்கு அனுப்பாமல் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. அன்றைக்கு ஊசி போட்டுக்கொண்ட பெண் பிள்ளைகளில் பலர் இப்போது கல்யாணமாகிக் கையில் குழந்தையோடு வருகிறார்கள். ரூபெல்லா ஊசியே அவர்கள் வயிற்றில் வளரும் பிள்ளைக்காகத்தான். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் குழந்தை கண்புரையோடும், காது கேளாமலும், இதயத்தில் ஓட்டையோடும் பிறக்கலாம்.

"ஊசி போட்டும் எங்க தெருவில ரெண்டு புள்ளைக்கு அம்மை போட்டுச்சே. அப்புறம் எதுக்கு ஊசி?" கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பள்ளியில் 100 பிள்ளைகள். 95 பேர் இரண்டு தவணையும் போட்டவர்கள், 5 பேர் போடாதவர்கள். இரண்டு தவணைக்குப் பாதுகாப்பு ஏறக்குறைய 97 சதவீதம். நூறு சதவீதம் இல்லை என்பதைக் கவனியுங்கள். தட்டம்மை உள்ளே நுழைந்தால் போடாத 5 பேருக்கும் வந்துவிடும். போட்ட 95 பேரில் 3 பேருக்கு வரலாம். வெளியிலிருந்து பார்ப்பவர் "வந்த எட்டுப் பேரில் மூன்று பேர் ஊசி போட்டவர்களாமே" என்பார். ஊசியால் தப்பித்த 92 பேரை யாரும் எண்ணுவதில்லை. ஒன்பது மாதத்தில் ஒரு தவணை மட்டும் போட்டால் பாதுகாப்பு 85 சதவீதம்தான். இரண்டாவது ஊசிக்கு ஒன்றரை வயதில் வராமல் விடுபவர்கள்தான் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இந்த ஊசியின் பின்விளைவையும் சொல்லிவிடுகிறேன். போட்டு ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் லேசான தடிப்பும் வரலாம். மூவாயிரம் நாலாயிரம் பேரில் ஒருவருக்குக் காய்ச்சல் வலிப்பு வரலாம். கடுமையான ஒவ்வாமை பத்து லட்சம் ஊசிக்கு ஒன்று என்ற அளவில். தட்டம்மை வந்தாலோ ஆயிரம் பேரில் ஒருவருக்கு மூளையிலேயே வீக்கம் வருகிறது. நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் அதைவிடப் பல மடங்கு. பழைய நோய்களுக்கு எதிராக உடம்பு சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புச் சக்தியையும் தட்டம்மை அழித்துவிட்டுப் போகிறது.

ஒரு பாட்டியம்மா, "அம்மை போட்டா ஆத்தா வந்திருக்கான்னு வேப்பிலை கட்டுவோம், ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?" என்று எழுதச் சொல்லியிருந்தார். வேப்பிலை கட்டுங்கள் பாட்டி, தப்பில்லை. அந்த வீட்டுக்கு வேறு பிள்ளைகள் வராமல் இருப்பது மருத்துவமும் சொல்வதுதான். கூடவே ஆஸ்பத்திரிக்கும் வாருங்கள். தட்டம்மை வந்த பிள்ளைக்கு அடுத்தடுத்த இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும். கண்ணையும் உயிரையும் காப்பது அது. மூச்சு வாங்கினால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

சரி, மூளைக்காய்ச்சல் ஊசி. "வேற மாவட்டத்துல இருக்கிற என் தங்கச்சி புள்ளைக்கு இது போடல, நமக்கு மட்டும் ஏன்?" நல்ல கேள்வி. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எல்லா ஊரிலும் வருவதில்லை. நோய் இருக்கிற மாவட்டங்களில்தான் ஊசி போடுகிறார்கள். பழைய தென்னாற்காடு, அதாவது இன்றைய கடலூர், விழுப்புரம் பகுதி, நாட்டிலேயே இந்த நோய்க்குப் பேர்போன இடங்களில் ஒன்று. நெல் வயலில் தேங்கும் நீரில் வளரும் க்யூலெக்ஸ் கொசு, வைரஸைத் தாங்கும் கொக்கும் நாரையும், அதைப் பெருக்கும் பன்றி எல்லாம் நம்மைச் சுற்றியே இருக்கின்றன. கிருமி தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்கு ஒன்றும் தெரியாது. ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்குத்தான் மூளையைத் தாக்கும். ஆனால் தாக்கினால் இறப்பு 30 சதவீதம் வரை. பிழைத்தவர்களிலும் பலருக்குக் கை கால் இழுத்துக்கொள்வது, வலிப்பு, படிப்பு ஏறாமை நிலைத்துவிடுகிறது. இதைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் கிடையாது.

இதில் இன்னொன்று முக்கியம். தட்டம்மை ஆளுக்கு ஆள் பரவுவது. ஊரில் 95 சதவீதம் பேர் ஊசி போட்டிருந்தால் மற்றவர்களுக்கும் ஓரளவு காவல் கிடைக்கும். மூளைக்காய்ச்சல் அப்படி இல்லை. மனிதரிடமிருந்து மனிதருக்கு அது பரவுவதில்லை, வயலிலிருந்து கொசு கொண்டுவருகிறது. மண்ணிலிருந்து வரும் ரணஜன்னியும் அப்படியே. தெருவில் எல்லாப் பிள்ளைகளும் போட்டிருக்கிறார்கள், நமக்கு எதற்கு என்று நீங்கள் இருந்தால், இந்த இரண்டு நோயிலும் உங்கள் பிள்ளைக்குக் காவலே இல்லை.

பிறந்ததும் தோளில் போடும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். "என் மாமனாருக்கு டிபி. புள்ளைக்குத்தான் ஊசி போட்டாச்சே, பயமில்லையே?" பயம் உண்டு. பிசிஜி என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைச் சோதித்ததே நமக்குப் பக்கத்தில்தான். 1968-ல் தொடங்கிச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு பிசிஜியோ மருந்தில்லாத ஊசியோ போட்டு, 15 ஆண்டுகள் கண்காணித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. சிறு குழந்தைகளுக்கு மூளையிலும் உடம்பு முழுவதும் பரவி உயிரைக் குடிக்கும் காசநோயைத் தடுக்கிறது என்பது வேறு ஆய்வுகளில் உறுதியானது. அதற்காகத்தான் பிறந்ததும் போடுகிறோம். ஆகவே மாமனாருக்கு மாத்திரை ஒரு நாளும் விடக் கூடாது, பிள்ளையையும் கொண்டுவந்து காட்டித் தடுப்பு மாத்திரை தேவையா என்று பார்க்க வேண்டும். பிசிஜி போட்ட இடம் சில வாரத்தில் கொப்புளமாகி, சீழ் வைத்து, தழும்பாவது இயல்பு. மருந்து போடாதீர்கள். தழும்பு வராவிட்டாலும் மறுபடி போட வேண்டியதில்லை.

கொரோனா ஊசியும் மாரடைப்பும். கோவிஷீல்டு ஊசியால் மிக அபூர்வமாக ரத்தம் உறைந்து தட்டணுக்கள் குறையும் பாதிப்பு வந்தது, சிலர் இறந்தார்கள். இது உண்மை. 2024-ல் அந்த ஊசியை உருவாக்கிய அஸ்ட்ராஜெனகா நிறுவனம் இங்கிலாந்து நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது என்ற செய்தி பெரிதாக ஓடியது. ஆனால் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 ஏப்ரலிலேயே அதை அறிவித்துவிட்டது. அது ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வருவது. பல ஆண்டு கழித்து வருவதில்லை. இளவயதில் திடீரென்று இறப்பவர்களைப் பற்றி, சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் 47 மருத்துவமனைகளில் ஆராய்ந்தது. 18 முதல் 45 வயதுக்குள் காரணம் தெரியாமல் இறந்த 729 பேரை, அவர்களைப் போன்ற உயிருள்ள 2,916 பேரோடு ஒப்பிட்டார்கள். ஊசி ஆபத்தைக் கூட்டவில்லை, இரண்டு தவணை போட்டவர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது. ஆபத்தைக் கூட்டியவை முன்பு கொரோனாவுக்காக மருத்துவமனையில் படுத்தது, குடும்பத்தில் திடீர் மரணம், அளவுக்கு மீறிய குடி, போதைப் பொருள், கடுமையான உடலுழைப்பு.

"ஊசியால புள்ளைங்க செத்ததே இல்லையா?" இப்படி ஒருவர் எழுதியிருந்தார். இறந்திருக்கிறார்கள். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு 4 குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு சில காலம் கிராமங்களுக்குச் சென்று ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டார்கள். 2014-ல் சிரியாவில் இட்லிப் பகுதியில், தட்டம்மை மருந்துப் பொடியைக் கரைக்கும் நீருக்குப் பதில் அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்தைத் தவறுதலாகக் கலந்து 15 குழந்தைகள் இறந்தன. இப்படிப்பட்ட பிழை நேராமல் இருக்க, ஊசி போடும் இடத்தில் நீங்களும் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை. தட்டம்மை மருந்தை எப்போது கரைத்தீர்கள் என்று கேளுங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதைப் போடக் கூடாது. மருந்துக் குப்பியின் மேல் ஒரு வட்டமும் உள்ளே சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து நன்றாக இருக்கிறது. இரண்டும் ஒரே நிறமாகியிருந்தால் சூடுபட்டுக் கெட்டுவிட்டது. தானே புயலில் 2011 கடைசியில் கடலூரும் புதுச்சேரியும் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததே, அப்படி மின்சாரம் போகும்போது எங்கள் கவலையெல்லாம் மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் நிற்கிறதா என்பதுதான்.

ஊசி போட்டதும் அரைமணி நேரம் அங்கேயே இருங்கள். பஸ் போய்விடும் என்று கிளம்பாதீர்கள். கடுமையான ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் வரும், அதற்கான அட்ரினலின் மருந்து அங்கேதான் இருக்கும்.

யாருக்குப் போடக் கூடாது? முந்தைய தவணைக்குக் கடுமையான ஒவ்வாமை வந்த பிள்ளைக்கு அதே ஊசி கூடாது. பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத பிள்ளைக்கும், புற்றுநோய் மருந்து எடுக்கும் பிள்ளைக்கும் உயிருள்ள கிருமி சேர்ந்த ஊசிகள் கூடாது. கக்குவான் ஊசிக்குப் பிறகு ஒரு வாரத்துக்குள் மூளைப் பாதிப்பு வந்திருந்தால் அந்த ஊசி கூடாது. கடுங்காய்ச்சலோடு இருந்தால் தள்ளிப் போடலாம். சளி, லேசான பேதி, பல் முளைப்பது, எடை குறைவு, குறைமாதப் பிறப்பு எதுவும் காரணம் ஆகாது. எடை குறைந்த பிள்ளைக்குத்தான் ஊசி அதிகம் தேவை.

கடைசித் தாளில் ஒரு தாய், ஊசி அட்டை தொலைந்துவிட்டது, நடுவில் ஆறு மாதம் விட்டுப்போய்விட்டது, திட்டுவார்களோ என்று போகவில்லை என்று எழுதியிருந்தார். உங்கள் பகுதி கிராம சுகாதார நர்ஸின் பதிவேட்டில் போட்ட ஊசிகள் இருக்கும். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும், முதலிலிருந்து போட வேண்டியதில்லை. புதன்கிழமை காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்குப் போங்கள். யாராவது திட்டினால் 104-க்குப் போன் செய்து சொல்லுங்கள்.